கிணற்றில் நாலில் ஒரு பாகம்

மனை பார்க்கப் போகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போக வேண்டும். வெயிலில் எல்லா மனையும் நல்ல மனைதான். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே கால் புதைகிறது, பக்கத்துத் தெருச் சாக்கடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் மழைக்கு மறுநாள்தான் தெரியும். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். செருப்பு பாழாகிறதே என்று பார்க்காதீர்கள் பிள்ளைகளே. செருப்பு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பதினோரு வருஷமாக இந்த வாரப் பத்திரிகையில் உங்கள் வீடு, மனைக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வருகிறேன். திருநகரிலும் திருப்பரங்குன்றத்திலும் மளிகைக்கடை, மருந்துக்கடை வாசலில் சும்மா எடுத்துக்கொள்ள வைத்திருப்பார்களே, அந்தப் பத்திரிகைதான். வழக்கமாக ஐந்து கேள்விகளுக்குப் பதில் வரும். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி. எழுதியவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். "மூடிய கிணறு இருந்த மனை ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்லாமல் விட்டால் முழுப் பதிலாகாது. கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஹாலாஸ்யம் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. எழுத்து என்னுடையது, ஏனென்றால் அவர் எழுதியது அவருக்கே புரியாது. நான் எட்டாவதோடு நின்றவள். அவர் சொல்லச் சொல்ல எழுதியே கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் படித்துக்கொண்டேன். நாலு எல்லையையும் எழுதி முடித்த பிறகு, அந்த நிலத்தோடு கூடப் போகிற மரம், நடைபாதை, கிணற்றுப் பங்கு எல்லாவற்றையும் ஒரு வரியில் சேர்ப்போம். நிலத்தின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்பார்.

1988-ல் ஆனையூருக்கு வடக்கே ஒரு புஞ்சைக்குப் பத்திரம் எழுதினோம். எல்லை காட்டுகிற அன்று நானும் கூடப் போயிருந்தேன். நல்ல கிணறு. பன்னிரண்டடி விட்டம், கல்கட்டு, ஐம்பதடி ஆழம். நிலத்துக்காரர் வீட்டு அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொம்பில் மொண்டு கொடுத்தார்கள். இளநீர் மாதிரி இருந்தது. வந்து எழுதினேன்: "வண்டிப்பாதைக்குக் கிழக்கே ஐம்பதடி தூரத்தில் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியதையும்."

பின்னாளில் தண்ணீர் கீழே போய்விட்டது. பங்காளிகள் நாலு பேரும் சேர்ந்து கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி அதைத் தூர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த பத்திரத்தை எழுதியவர் இல்லாத கிணற்றை எழுதுவானேன் என்று அந்த வரியை விட்டுவிட்டார். அது அவர் தப்பில்லை. ஆக, அந்தக் கிணறு இருக்கிற கடைசிப் பத்திரம் என் கையால் எழுதியது.

இனி பாண்டிச்செல்வி.

என் வீட்டுக்காரர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். துணி மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். அவர் போன பிறகும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவாள். என் பிரஷரைப் பார்ப்பாள், இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் பற்றிப் பேசுவாள். வீடு வாங்குகிற எண்ணம் அவளுக்கு இருந்தது. அவளும், பள்ளிக்கூட வாத்தியாரான அவள் வீட்டுக்காரன் முத்திருளனும், அவள் அம்மா தங்கப்பொண்ணுவும் ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தங்கப்பொண்ணுவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆயுசு முழுக்க ஊரார் நிலத்தில் நடவும் களையும். முட்டி தேய்ந்துவிட்டது. கீழே இறங்கினால் ஏற முடியாது, ஏறினால் இறங்க முடியாது. அம்மா படி ஏறாமல், யாரையும் கேட்காமல், தன் வாசலில் தான் உட்கார வேண்டும். பாண்டிச்செல்விக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

2022-ல் என் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் எங்கள் தெரு. உரிமையாளர் ஸ்ரீராம்குமார் பெங்களூரில் இருக்கிறார். சாவி என்னிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்கத் திறந்தபோது பாண்டிச்செல்வி கூட வந்தாள். வாசலில் ஒரே ஒரு படி. அதை நின்று பார்த்தாள். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. திரும்பி வந்து, "இது விலைக்கா மாமி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

அந்த வாரத்திலேயே தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது, "நீங்க பெரியவா, நாலும் தெரிஞ்சவா. நீங்களே பக்குவமா பாத்துச் சொல்லிடுங்கோ" என்றார்கள். எதை என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே நான் அதை யோசித்து முடித்திருந்தேன்.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வீட்டின் மதிப்பைப் பக்கத்து வீடுதான் தீர்மானிக்கிறது. என் அடுப்படி ஜன்னலும் அந்த வீட்டு அடுப்படி ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன, நடுவில் நாலடிச் சந்து. அவர்கள் மீன் வறுப்பது தப்பா என்றால், தப்பே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் சாப்பாடு. எனக்குப் பாண்டிச்செல்வியிடம் எந்த வித்தியாசமும் கிடையாது. என் வீட்டுக்காரர் கடைசி வாய்த் தண்ணீரை அவள் கையால்தான் குடித்தார். ஆஸ்பத்திரி வேறு, தெரு வேறு. இதை அவளிடம் சொன்னால் மனசு நோகும் என்றுதான் சொல்லவில்லை.

ஸ்ரீராம்குமாரைப் போனில் கேட்டேன். "யாரா இருந்தா என்ன மாமி, வாங்கறவா நன்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அது சுலபம். அதனால் இல்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லாமல் போயிற்று. வாங்க வந்தவர்களிடம் இல்லை என்று சொல்வதைவிட இன்னொன்றைக் காட்டுவது நல்லது. தரகு பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

அந்தச் சமயத்தில் ஆனையூருக்கு வடக்கே அந்தப் புஞ்சையை லேஅவுட் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள், கிணறு அவர்களுக்கும் தெரியாது. இருபது மனையில் பத்தொன்பது போய்விட்டது. மிச்சம் இருந்தது பதினாலாம் நம்பர். முதலில் நான் மட்டும் ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். பழைய வண்டிப்பாதை முப்பதடித் தார் ரோடாகியிருந்தது. ரோட்டு ஓரத்திலிருந்து கிழக்கே அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டு போனேன். ஐம்பது வந்தது. பதினாலாம் மனையின் பின்பாகத்தில் நின்றுகொண்டிருந்தேன். தரை கெட்டியாகத்தான் இருந்தது. காலால் இரண்டு தடவை தட்டியும் பார்த்தேன். ஆவாரை பூத்திருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்களைக் கூட்டிப் போனேன். முத்திருளனுக்கு இடம் பிடித்துவிட்டது. பழைய வீட்டை வாங்கி ஒட்டுப் போடுவதைவிடப் புதிதாக ஒன்று கட்டலாம் என்று அவனுக்கு எண்ணம். தங்கப்பொண்ணு மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

"இங்கிட்டு ஒரு கெணறு கெடந்துச்சே தாயி. இந்தக் காட்டுல நாங்க களை வெட்டிருக்கோம்."

"எந்த எடத்துக்குப் போனாலும் அத்தை இங்கன களை வெட்டுனேம்பாங்க" என்று முத்திருளன் சிரித்தான். "மதுரையச் சுத்தி அத்தை களை வெட்டாத காடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

"நான் வெட்டலன்னா நீங்க அம்புட்டுப் பேரும் என்னத்தத் தின்னுருப்பீங்க மாப்ள?"

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. "எங்கனம்மா இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

"அதத்தான் பாக்குறேன். எங்கள வண்டிப்பாதையிலயே நிப்பாட்டிருவாக. அவுக மொண்டாந்து மேல இருந்து ஊத்துவாக, நாங்க கையேந்திக் குடிப்போம். கிட்ட விட்டிருந்தால்ல எங்கன இருந்துச்சுன்னு தெரியும்."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருந்தது" என்றேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் கிணத்தடிக்கே போய்த் தண்ணி குடிச்சிருக்கேன்." கையை மேற்கே நீட்டினேன். கிணற்றடிக்குப் போனதும் தண்ணீர் குடித்ததும் நிஜம்.

தங்கப்பொண்ணு தலையை ஆட்டிக்கொண்டாள். "தாயி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கிட்டப் போனவுகளுக்குத்தான தெரியும்."

வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டோம். பழைய புஞ்சைக்கு முப்பது போதாது, கிடைக்கிற வரைக்கும் போடுங்கள், மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள் என்று உங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லியிருக்கிறேன். பாண்டிச்செல்வியும் அதைப் படித்தவள். "இன்னும் பின்னாடி பாக்க வேண்டாமா மாமி?" என்று கேட்டாள். இதற்கு முப்பது போதும், மற்றதை நான் பார்த்துவிட்டேன் என்றேன். 1992-லிருந்து வந்த காகிதத்தில் கிணறு இல்லை. சுத்தமாக இருந்தது.

இத்தனைக்கும் அவளுக்கு மனசு பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அந்த ஒற்றைப் படியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். புருஷன் மனை என்கிறான், இவள் வீடு என்கிறாள். கடைசியில் தங்கப்பொண்ணுதான் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். உங்களில் பலரும் கல்யாணத்துக்கும் மனைக்கும் செய்கிறதுதான். வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் பக்கத்து வீடு, சிவப்பு வந்தால் மனை என்று பேசிக்கொண்டார்கள். பொட்டலத்தை யார் கட்டுவது என்று வந்தபோது பாண்டிச்செல்வி, "மாமி கட்டட்டும், அவங்க கைராசி" என்றாள்.

தோட்டத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்தேன். வாழையிலையில் மடித்து நூல் சுற்றினேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அதுதான் முறை. அப்படியே இருந்தன. தெருமுனைப் பிள்ளையார் முன்னால் வைத்தோம். தங்கப்பொண்ணு கண்ணை மூடிக் கும்பிட்டு, தன் கையாலேயே ஒன்றை எடுத்தாள். பிரித்தால் அரளி. முத்திருளன் வாத்தியார் அல்லவா, "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாப்பமா?" என்றான். பிரிப்பது சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி என்று சொல்லி அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தேன். பிரிக்காமலே எனக்குத் தெரியும். அதிலும் அரளிதான் இருந்தது. பறித்த நந்தியாவட்டையை வீட்டுக்காரர் படத்துக்கு வைத்தேன்.

அதுவரை என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் இறுகின மண். வீடு முன்பாகத்தில்தான் வரும், பின்னால் துவைக்கிற இடம்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். லேஅவுட்டுக்காரர்களிடம் நான் ஒரு கமிஷனும் வாங்கவில்லை. இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அஸ்திவாரம் தோண்டின நாலாம் நாள் பாண்டிச்செல்வி போன் செய்தாள்.

"மாமி, பின்னாடி தோண்டத் தோண்ட உடைஞ்ச ஓடு, வளையல், லாரி டயரெல்லாம் வருது. மண்ணு பொலபொலன்னு உள்ள போகுது, இங்கன என்னமோ இருந்திருக்குன்னு கொத்தனாரு கருத்தக்கண்ணன் அண்ணே சொல்றாரு. வேலைய நிப்பாட்டவான்னு கேக்குறாரு. என்ன செய்ய?"

அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பூட்டின வீடு. அவள் அந்த மனையை விட்டால் எங்கே வருவாள் என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கக்கூட வேண்டாம், சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

"மண்ணுன்னா எல்லாம்தான் வரும்டி" என்றேன். "அங்கே சுவர் வராதோன்னோ? செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, துவைக்கிற கல்லை வெச்சுடச் சொல்லு. ஒண்ணும் ஆகாது."

"கம்பி போடணுமான்னு கேக்குறாரு."

"துவைக்கிற எடத்துக்கு எதுக்குக் கம்பி?"

"சரி மாமி. நீங்க சொன்னாப் போதும்" என்று வைத்துவிட்டாள்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். சின்ன வீடு, வெளிச்சமாக இருந்தது. வாசலில் படியே வைக்காமல் சாய்தளம் போட்டிருந்தார்கள். தங்கப்பொண்ணு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குன்னு ஒரு ரூமாம் தாயி. ரூமுக்குள்ள என்ன செய்ய? நாத்து நடவா?" என்றாள். நான் வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்று எனக்கு விரதம்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் நினைத்ததுதான் சரி என்றிருந்தேன். மூன்றாவது ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. பாண்டிச்செல்வி ஆஸ்பத்திரியில், முத்திருளன் பள்ளிக்கூடத்தில். காலை பத்து மணிக்குத் தங்கப்பொண்ணு பின்பக்கம் உட்கார்ந்து பாத்திரம் துலக்கியிருக்கிறாள். கான்கிரீட் தளம் அப்படியே கல்லோடு உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டார் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து எடுக்க மூன்று மணி நேரமானது. இருபத்திரண்டு அடியில் இருந்தாள். கையில் பிடித்திருந்த தேய்ப்பு நாரை அவர்கள் எடுக்கவில்லை. அப்படியே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

நான் துக்கம் கேட்கப் போனேன். வாசலோடு நின்று கேட்டுவிட்டு வந்தேன். வந்து குளித்தேன். எந்தச் சாவுக்குப் போனாலும் குளிப்பதுதான். மழையில் மண் இறங்கிவிட்டது என்று பார்க்க வந்த அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

போன ஞாயிறு பாண்டிச்செல்வி வந்தாள். என் பிரஷரைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றாள். அப்புறம் கருவியைச் சுருட்டி வைத்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா அன்னைக்கே சொல்லுச்சு மாமி, இங்கிட்டு கெணறு இருந்துச்சுன்னு. நான்தான் பேப்பரப் பாத்தேன், அம்மா பேச்சக் கேக்கல. நாந்தான் அம்மாவக் கொன்னுட்டேன்."

அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பீரோவில்தான் 1988 பத்திரத்தின் நகல் இருக்கிறது. "அப்படியெல்லாம் பேசப்படாது, நேரம் அது" என்றேன்.

"அந்த வீட்டுல இருக்க முடியல மாமி. பின்கதவத் தொறக்க மாட்டேங்குறேன். பக்கத்து வீடு இன்னும் பூட்டித்தான கெடக்கு? அம்மாவுக்கு அந்த வீடுன்னா ரொம்ப இஷ்டம். இப்பவாச்சும் பேசி முடிச்சுக் குடுங்க."

பேசி முடித்தாகிவிட்டது, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று சொன்னேன். அப்படி ஒரு குடும்பம் இல்லை. நல்லவர்களாக யாராவது வருவார்கள்.

கேள்வி கேட்டவருக்குப் பதில்: வாங்காதீர்கள். கிணற்றைத் தூர்த்தால் பொறுக்கின மண்ணைப் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும், யாரும் அப்படிச் செய்வதில்லை. காகிதத்தில் இல்லை என்றாலும் அந்தக் காட்டில் வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அவர்கள் சந்தேகமாகச் சொன்னாலும் நம்புங்கள். அன்று அங்கே நின்றவர்களில் அந்தக் கிணறு எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தே அந்த மனையைக் காட்டினேன், தெரிந்தே இரண்டிலும் அரளி வைத்தேன், தோண்டினபோது தெரிந்தே மூடச் சொன்னேன். ஆசிரியர் இதைப் போடுவாரோ மாட்டாரோ. இதே காகிதத்தின் நகலை, பத்திர நகலோடு சேர்த்து, காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிணறு வருகிற வரியில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாண்டிச்செல்வியும் படிப்பாள். அவள் என் பக்கத்தை ஒரு வாரமும் விட்டதில்லை. நிதானமாக யோசித்தால் என்மேல் அவளுக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். அவள் மேல் எனக்கு எப்போதும் பிரியம்தான், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன ஞாயிறு அவள் கிளம்பும்போது காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, வாசல் குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவி, மதில் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன் மாமி" என்று சொல்லிப் போனாள். கழுவி வைக்கச் சொல்லி நான் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.